கேட்டுக்கு அடித்த கருநீலம்

அக்கா வீட்டுக் கேட்டுக்கு நான் அடித்தது கருநீலம். அதைக் கறுப்பு என்றே பதினோரு வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லி, பெயிண்டரான என் மானத்தை வாங்கினாள். சீருடை தைக்கிறவள், தன் கண்தான் உசத்தி என்ற நினைப்பு.

அவள் மார்க்காம்பில் கறுப்பாக ஒரு திட்டு வந்தது. சொறி என்று ஒரு வருஷம் களிம்பு பூசினாள். வேகமாகப் பரவும் மச்சப் புற்றுநோயோ என்று பயந்த டாக்டர், சதைத் துணுக்கை வெட்டி லேபுக்கு அனுப்பினார். பத்து நாள் அக்கா தையல் மெஷினையே தொடவில்லை.

"லேபுல அந்தத் துணுக்குக்குச் சாயம் போட்டுப் பார்த்தாங்க. மச்சப் புத்துக்கான சாயம் பிடிக்கலம்மா. பால்குழாய்ப் புத்துக்கானதுதான் பிடிச்சிருக்கு. அபூர்வமான வகை. தோலோட நிறமி உள்ள கலந்து கறுப்பாக் காட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டர்.

நான் சும்மா இருப்பேனா? "காதுல விழுந்துச்சா? கண்ணுக்குக் கறுப்பாத் தெரிஞ்சா போதாது."



ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"டேய், அந்தக் கேட்டைக் கொஞ்சம் சுரண்டி இதே லேபுல குடு. நீலம்னு அவங்க சொன்னா ஒத்துக்கறேன். நான் வெளிய வர்றதுக்குள்ள ரிப்போர்ட்டை வாங்கி வை."