நிற்க வைப்பது சித்திரவதை ஆகாது

சட்டத் துறையின் மூன்றாம் மாடியில் எல்லோரும் அவரைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அமைச்சரின் கையெழுத்துக்குப் போகும் எந்தக் காகிதமும் முதலில் அவர் மேசைக்கு வரவேண்டும். எழுத்துப்பிழை, விட்டுப்போன கமா, விட்டுப்போன தேதி, ஆதாரமில்லாத எண் என்று எது கண்ணில் பட்டாலும் பச்சைப் பேனாவால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

போரின் இரண்டாம் ஆண்டில், புதிதாக வந்த சட்ட ஆலோசகர் பதினான்கு பக்கத்துக்கு ஒரு கருத்துரை எழுதினார். பிடிபட்டவர்களை விசாரணையின்போது தொடர்ந்து இருபது மணி நேரம் நிற்க வைக்கலாம். அது சித்திரவதை அல்ல, வெறும் 'நீடித்த நிலைப்பாடு' என்றது அது. கமா அக்கா படித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. ஒரு பிழைகூட இல்லை. கருத்து தவறு என்று சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை. இருபது என்ற எண்ணை மட்டும் வட்டமிட்டு, 'ஆதாரம்?' என்று ஓரத்தில் எழுதினார்.

ஆலோசகர் நேரிலேயே வந்துவிட்டார்.

"அனுபவத்துல போட்டதுன்னு எழுதிக்குங்க."

"யாரோட அனுபவம் சார்? அதையும் எழுதணுமே."

நிற்பதெல்லாம் ஒரு வேலையா, கோர்ட்டில் நாள் முழுக்க நின்றவன் நான் என்று அவர் சிலுப்பிக்கொண்டார். அப்படியானால் கொஞ்சம் நின்று காட்டினால் ஃபைல் இன்றே நகர்ந்துவிடும் என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். பிரிவே பார்த்துக்கொண்டிருந்தது. ரோஷம் வந்து அவர் பீரோ பக்கத்தில் போய் நின்றார். சாயக்கூடாது, கால் மாற்றக்கூடாது என்று ஒன்பதாம் பக்கத்தை அக்கா அவருக்கே படித்துக் காட்டினார். நாற்பதாவது நிமிடத்தில் கால் மாறியது. ஒரு மணி பத்து நிமிடத்தில் நாற்காலி கேட்டார்.

"ஒன்பதாம் பக்கத்துல நாற்காலி இல்லையே சார்" என்று சொல்லிக்கொண்டே தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டார் அக்கா.

பிறகு ஓரக்குறிப்பு எழுதினார்: 'எழுதியவர் தாமே நின்று பார்த்தார். ஒரு மணி பத்து நிமிடம். பின் உட்கார்ந்தார்.' பச்சை மையில் எழுதியதை அடிக்க ஆலோசகருக்கு உரிமை கிடையாது. குறிப்போடு மேலே போன ஃபைல், இருபது மணி நேரம் நான்கு மணி நேரமாகக் குறைந்து திரும்பி வந்தது.

வீட்டில் இதைக் கேட்டு, பஸ் ஓட்டுநரான கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கூடச் சிரித்த அக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இருந்தாலும் நாலு மணி நேரம் யாரோ ஒருத்தர் நிக்கத்தானே போறாங்க."



அடுத்த வாரம், தங்கையோடு பேசும்போது போனில் 'டிக்' என்று ஒரு சத்தம். போர்க்காலத்தில் எந்த வீட்டுப் போனையும் நீதிமன்ற அனுமதியின்றி முப்பது நாள் ஒட்டுக்கேட்கலாம் என்ற உத்தரவும் அவர் மேசையைத் தாண்டிப் போனதுதான். அவர் நாட்களை எண்ணத் தொடங்கினார். முப்பத்தோராம் நாள், தங்கையைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுப் போனுக்குள் பேசினார்.

"கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். உங்க கெடு நேத்தோட முடிஞ்சுது. நீட்டிப்பு வாங்கிட்டீங்களா?"

லைனில் யாரோ இருமினார்கள், தங்கை அல்ல. பிறகு மறுபடி ஒரு 'டிக்'.

மூன்றாம் நாள், அவர் வீட்டுப் போனுக்கான நீட்டிப்பு உத்தரவு அவர் மேசைக்கே சரிபார்க்க வந்தது. கதவிலக்கம் தப்பு. அப்படியே விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். அக்கா இலக்கத்தைத் திருத்தினார். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அந்த உத்தரவு மறுபடி வரவேயில்லை.

போர் முடிந்த மறு வருடம் நீதிமன்றம், நிற்க வைக்கலாம் என்ற அந்தக் கருத்துரையை முழுவதுமாக ரத்து செய்தது. செய்தி ரேடியோவில் வந்தபோது கமா அக்கா பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். பேச வழியில்லாமல் இரண்டு கையையும் பலமாகத் தட்டினார். டாக்டர் பதறிக் கருவியை வெளியே எடுத்து, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார்.