ஏணிமேல் தட்டிய வறட்டி

போன வாரம் கேளம்பாக்கத்தில் என் வீட்டு இரும்புக் கதவில் யாரோ ஒரு வேட்பாளரின் படத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் உள்ளேதான் இருந்தேன். வாசலில் மணி இருக்கிறது, யாரும் அழுத்தவில்லை. சண்டை போடத் தெரியாதவன் நான். ஈரத்துணியும் கரண்டியுமாக உட்கார்ந்து சுரண்டினேன். சுரண்டச் சுரண்டக் கோபம் ஏறியது. ஒரு வார்த்தை கேட்டால் வாயா தேய்ந்துவிடும்? ஆனால் கேட்பதிலும் ஒரு விதம் இருக்கிறது. அதை எனக்கு எட்டு வயதிலேயே காட்டிவிட்டார்கள்.

அப்போது கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருந்தோம். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வார்டு உறுப்பினருக்கு நின்றார். சீப்புச் சின்னம். எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் நின்றதில்லை. எதிரே நின்றவர் பெரிய தெருக்காரர், அவருக்கு ஏணி. காலனியில் பஸ் போகும் சாலையைப் பார்த்த சுவர் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது. தம்பியின் சீப்பு அதில்தான் வரவேண்டும் என்று அம்மா இரண்டு நாள் சுண்ணாம்பு அடித்தாள். மாமாவுக்கு மாமல்லபுரத்தில் கல்பட்டறை வேலை. ஞாயிற்றுக்கிழமை நீலப் பெயிண்டோடு வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா இன்னும் களையெடுப்பிலிருந்து திரும்பவில்லை. டப்பாவும் பிரஷ்ஷுமாக மூன்று பேர் வந்தார்கள்.

“வூட்ல யாருடா கீறாங்க?”

“யாருமில்ல.”

“செவுத்துல எழுதிக்கட்டா?”

பெரியவர்கள் எது கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். ஆட்டினேன். பச்சை நிறத்தில் ஏணி கூரை வரை ஏறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து பார்த்தார். சாப்பிடாமலே திரும்பிப் போனார். தெருவில் பேசினார்கள்.

“உங்கக்கா உனக்கு ஏணி வச்சிக்கீறா மச்சான், ஏறிக்கோ!”

அக்காவே விலைபோய்விட்டாள் என்று அதற்கு அர்த்தம். தன்னை யாருமே கேட்கவில்லை என்று அம்மா தலையிலடித்துக்கொண்டு சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அழித்தால் போலீசுக்குப் போவார்கள், மாமா பெயரைத்தான் சொல்வார்கள். மறுநாள் அம்மா கூடை நிறையச் சாணி கொண்டுவந்தாள். ஏணியின் அடிப்படியிலிருந்து வரிசையாக வறட்டி தட்ட ஆரம்பித்தாள், தான் அடித்த சுண்ணாம்பின் மீதே. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மேலே ஒரு படிதான் மிச்சம். அதற்குள் ஏணிக்காரரின் மைத்துனர் சைக்கிளில் வந்து இறங்கினார். எழுத வந்த மூவரில் அவரும் ஒருவர்.

“இன்னாமே, சின்னத்து மேல சாணி அடிக்கிற?”

“சாணி அடிக்கலண்ணா. வறட்டி தட்டிகினு கீறேன். மழக்காலம் வருது, அடுப்பு எரிய வாணாமா?”

“கேட்டுத்தானே எழுதினோம். உம் புள்ளதான் தலையாட்டிச்சு.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“அது வாத்தியார் ‘பாடம் புரிஞ்சுதா’ன்னு கேட்டாலும்தான் தலையாட்டும். உங்க தெருவுல எந்த வூட்டுப் புள்ளைய கேட்டு எழுதினீங்க? ஒரு வூடு சொல்லுங்கண்ணா.”

சாணிக் கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாமா அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார். தேர்தலில் தோற்றார். அந்த வறட்டி மழைக்காலம் முழுக்க எரிந்தது.

அடி விழவில்லை என்ற நிம்மதியிலும் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. வாத்தியார் கேட்கும் கணக்கைவிட அது சுலபமான கேள்வி. ஒரே ஒரு வீட்டைச் சொன்னால் போதும். அவ்வளவு பெரிய மனிதருக்கு அது எப்படித் தெரியாமல் போனது?