பதினாலாம் நம்பர் கட்டிலின் ஆறாவது பந்து

வார்டு ஆயா வேலைக்கு வாளி, துடைப்பம், பினாயில் மூன்றும் போதும் என்று நினைத்துச் சேர்ந்தவள் நான்; தாம்பரத்தில் காசநோய் வார்டுக்கு வந்தால் நாலாவதாகக் கிரிக்கெட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. துடைத்த தரை காய்வதற்குள் செருப்புக் காலோடு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே படியுங்கள். நீங்கள் நம்ம ஆள்.

இருபத்துமூன்று வயது ஆயா

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு குழந்தை. மகளுக்கு ஒன்றரை வயதானபோது அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, முடிச்சூரிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வர ஆரம்பித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, புடவை மாற்றின பிறகுதான் அவளைத் தூக்குவேன். அதுவரை அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள்.

வார்டில் யாருக்கும் பேர் கிடையாது. கட்டில் நம்பர்தான். எனக்கும் செல்வி என்ற பேர் போய், அறுபது வயதுக்காரர்கள் எல்லாம் என்னை 'ஆயா' என்றார்கள். ஒருநாள் பதினைந்தாம் நம்பரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். கோபமே படாமல் சொன்னார்: "இன்னாமா பண்றது, எனக்குங்கூட அறுபது வருசமா ஒரு பேர் இருந்துச்சு. இங்க வந்ததும் பதினஞ்சு ஆயிட்டேன்."

சட்டம் போட்ட கண்டக்டர்

பதினைந்தின் கட்டிலில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். மேட்ச் இருந்தால் கமென்டரி, இல்லாவிட்டால் சண்டை. சண்டை எப்போதும் ஒன்றுதான்: இந்தியாவுக்குப் பந்து போட்டவர்களிலேயே பெரியவர் யார்? கத்துவார்கள். கத்தினால் இருமல் வரும். ஒருவருக்கு வந்தால் வார்டு முழுக்க வரும். சிஸ்டர் ஸ்டெல்லா ரேடியோவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டப் போனார்.

அப்போதுதான் கண்டக்டர் சட்டம் போட்டார். ஆளுக்கு ஒரு ஓவர், அதாவது ஆறு வாக்கியம். மெதுவாகப் பேச வேண்டும். நடுவில் இருமினால் அவுட். அடுத்த ஆள் பேசலாம். பௌலரின் பேரைச் சொன்னால் விக்கெட் விழாது என்று ஒரு நம்பிக்கை வேறு இருந்ததால், 'வேகம்' என்றால் ஓடிவந்து வேகமாகப் போடுகிற ஒருவர், 'தலைப்பாகை' என்றால் சுழல் போடுகிற சர்தார்ஜி. மறுநாளிலிருந்து வார்டு கோயில் மாதிரி ஆகிவிட்டது. சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "மாத்திரையை முழுங்குங்கடான்னா கேக்க மாட்டீங்க, இதுக்கு மட்டும் அடங்குறீங்க."

நாலாவது பந்து

கண்டக்டர் வேகத்தின் கட்சி. "முதுகு வலின்னு ஒருநாள் லீவு போட்டாரா? எத்தினி வருசம் தனியா ஓடினாரு!" என்று கக்கூஸ் வரைகூட நடக்க முடியாத மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது, அவரே ஓடுகிற மாதிரி இருக்கும்.

எதிர்க்கட்சி பதினாலாம் நம்பர். மறைமலை நகரில் இரும்பு கடைகிற லேத்தில் வேலை பார்த்தவர், முப்பது வயது. தலைப்பாகைதான் பெரியவர் என்பார். "வேகம் கண்ணுக்குத் தெரியும், சுழல் தெரியாது. ஓடுறது நாலடி, வேலை பாக்கறது ரெண்டு விரல். லேத்துல நின்னவனைக் கேளுங்க, ஒண்ணை ஒழுங்கா சுத்த விடறதுதான் கஷ்டம். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே பக்கம் போடுவாரு, மூச்சே வாங்காது..." அந்த இடத்தில் இருமல் வந்துவிடும். ஒருநாள் இல்லை, தினமும் அதே இடத்தில். கண்டக்டர் விடுவாரா? "மூச்சு வாங்காதுன்னு சொல்றதுக்குள்ள உனக்கு வாங்குதே, இன்னாபா கட்சி இது?"

ஜன்னலுக்கு வெளியே

குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். பதினாலின் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தக் குழந்தைக்கும் என் மகள் வயதுதான். அவர் கம்பிக்கு இந்தப்பக்கம் இருந்து, ஒரு சாத்துக்குடியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் திருகித் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டுவார். அது கையை நீட்டும். கொடுக்க முடியாது.

"எப்போ வருவீங்க?" என்று மனைவி ஒவ்வொரு வாரமும் கேட்பாள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று அவளிடம் சொல்லி என்ன புரியப் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சொன்னார்: "இருமாம ஒரு ஓவர் பேசி முடிக்கிறேன் பாரு, அன்னிக்கு வூட்டுக்கு வர நாள் எண்ண ஆரம்பிச்சுடு."

ஈரத் தரையில் பயிற்சி

அதற்குப் பிறகு காலையில் நான் துடைக்க வரும்போது, மற்றவர்கள் கஞ்சி வாங்கப் போய், கண்டக்டர் தூங்கிக்கொண்டிருக்கும் சமயம் பார்த்து, என்னிடம் பேசிப் பழகுவார். நான் ஈரக் கையில் விரல் விட்டு எண்ணுவேன். நாலில் நின்றால் முதலிலிருந்து. ஐந்தாவது இது: "அடிக்கணும்னு பேட்ஸ்மேனுக்கே ஆசை காட்டுவாரு, அதுதான் வலை." ஆறாவதை மட்டும் தனியாக, இருமி முடித்து ஓய்ந்த பிறகு, என் காதில் படுகிற அளவுக்குச் சொன்னார்.

எனக்கு ஸ்டம்ப் எது, பேட் எது என்பதே குழப்பம். ஆனால் அந்த ஆறும் என் மகளைத் தூங்கவைக்கும்போதுகூட வாயில் வர ஆரம்பித்தது. ஆறாவதைக் கண்டக்டரிடம் சொல்லிவிடட்டுமா என்று ஒருநாள் விளையாட்டுக்கு மிரட்டினேன். பதறிப்போனார். "தங்கச்சி, கடைசிப் பந்தை முன்னாடியே காட்டிட்டா யாரும்மா அவுட் ஆவாங்க?"

டாக்டர் நின்றது

மழைக்காலம் முடிந்து ஒரு திங்கட்கிழமை. பதினாலு பேச ஆரம்பித்தார். மூன்று ஆயிற்று. நாலாவதில் வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டார்! ஐந்தையும் சொல்லிவிட்டார். கண்டக்டர் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். நான் வாளியை அப்படியே வைத்துவிட்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்தா பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர வேண்டும்? வந்தவர் பதினாலின் முகத்தைப் பார்த்து நேராக அங்கே போய், சட்டையைத் தூக்கி நெஞ்சில் குழாயை வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். முதுகில் வைத்தும் கேட்டார். "சார், ஒரு பந்து பாக்கி சார்" என்றார் பதினாலு. டாக்டர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. "நாளைக்குப் போடுப்பா. இன்னிக்கு மூச்சை மிச்சம் வை."

வெயிலில் போட்ட மெத்தை

அன்று வீட்டுக்குப் போனால் மகளுக்குக் காய்ச்சல். இருமலும். எனக்கு உயிரே இல்லை. இரண்டு நாள் லீவு. சாதாரணச் சளிதான் என்று தெரிந்ததும், இதைப் பதினாலிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டே வியாழக்கிழமை வந்தேன்.

வராந்தாக் கைப்பிடிச் சுவரில் ஒரு மெத்தையை வெயிலில் போட்டிருந்தார்கள். எங்கள் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எந்த நம்பர் என்று ஓரத்தில் எழுதியிருக்கும். நான் பார்க்காமலே உள்ளே போனேன், மெத்தையில்லாத பதினாலாம் கட்டில் சொல்லிவிட்டது. செவ்வாய் விடியும்போது ரத்தம் ரத்தமாக வந்ததாம். ரேடியோ பாடவில்லை. கண்டக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பதினோரு மணிக்குப் பதினாலின் மனைவி தட்டு, டம்ளர் வாங்கிப் போக வந்தாள். சாமான்களோடு காய்ந்துபோன ஒரு சாத்துக்குடியும் இருந்தது. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, அழாமல், என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பேசி முடிச்சாராக்கா?"

பாக்கி ஒரு பந்து

நான் வாளியும் கையுமாக நின்றேன். சுவர்ப்பக்கமிருந்து கண்டக்டரின் குரல்தான் வந்தது. "அஞ்சு போட்டாரும்மா. அவுட் ஆகல." பிறகு திரும்பி உட்கார்ந்து, எல்லாருக்குமாகச் சொன்னார்: "பௌலருக்கு அடிபட்டா பாக்கிப் பந்தை வேற ஆள் போடலாம். அது நான் போட்ட சட்டம் இல்ல, நெசமான சட்டம். ஆனா அவன் இன்னா போடுறதா இருந்தான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். வாளியைக் கீழே வைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பதினாலாம் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். பினாயில் நெடி தொண்டையில் ஏறி இருமல் வரப் பார்த்தது. விழுங்கிக்கொண்டேன். சிஸ்டர் ஸ்டெல்லா மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பதினாலு என் காதில் சொன்ன மாதிரியே சொன்னேன்: "சிக்ஸர் அடிச்சவனுக்குக் கை தட்டிட்டு, அடுத்த பந்தையும் பயப்படாம அதே மாதிரி தூக்கிப் போட்டாரு பாருங்க, அவர்தான் பெரியவர்."

 கண்டக்டர் கை தட்டினார். அவர் தட்டியதும் ஒவ்வொரு கட்டிலாகத் தட்டினார்கள். தட்டத் தட்ட இருமல் வந்தது, இருமிக்கொண்டே தட்டினார்கள். அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் வேகத்துக்காக வாதாடிய மனிதர் மூக்கைச் சிந்திவிட்டு அவளிடம் சொன்னார்: "தேவராஜு ஜெயிச்சுட்டான்மா. ஓவரை முடிச்சுட்டான்னு போய் பாப்பாகிட்ட சொல்லு."

ஆயா வேலையை விட்டு நாளாகிவிட்டது, இன்றைக்கும் எனக்கு ஆஃப் சைடு எது, லெக் சைடு எது என்று தெரியாது. ஆனால் இந்தியாவின் பெரிய பௌலர் யார் என்று யாராவது கேட்டால் மட்டும், இருமாமல் ஆறு வாக்கியம் பேசிவிட்டு, முகம் கழுவப் போய்விடுவேன்.