அண்ணாச்சியை மூணு மணிக்கு எடுத்துருவோம்

மக்கா, நான் போனில் பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு தரம் 'படம், படம்' என்று சொல்வதைக் கேட்டு ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. "ஆச்சி படத்தை இறக்கிட்டேன், ஆச்சி படத்துக்குக் கண்ணாடி போடணும், ஆச்சி படத்தை நாளைக்குக் கொண்டு வாரேன்" என்று நேற்று பேசியதை மகள் அப்படியே நடித்துக் காட்டினாள். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கம்மாவிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். முழுசையும் இதில் எழுதுகிறேன். நான் படிச்சது பத்தாவது வரைக்கும்தான், பிழை இருந்தால் திருத்திக்கோங்க.

1. எங்கள் தொழில் பேச்சு

பிரேம் கடையில் சட்டம் அடிப்பது பாதி வேலை. வீட்டில் போய் மாட்டுவது மீதி. கடையில் கண்ணாடி வெட்டுவது என் பார்ட்னர் மாரியப்பன். டிரில் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது நான்.

முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கணும். 'டக் டக்' என்றால் செங்கல். 'டொப் டொப்' என்றால் பூச்சு விட்டுப்போயிருக்கு, அங்கே டிரில் போட்டால் காரை கையோடு வரும். படத்தின் நடுப்பகுதி நிற்கிற ஆளின் கண்ணுக்கு நேரே வரணும். நம்ம ஊரில் எல்லாரும் நிலைப்படிக்கு மேலேதான் மாட்டச் சொல்லுவாங்க, அப்புறம் கழுத்து வலிக்குது என்பாங்க. இதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிடலாம்.

பழகக் கூடாதது எங்கள் பேச்சு. எங்களுக்குப் படம் என்றே ஒன்று கிடையாது. யார் படமோ, அவங்கதான். "மாமாவைத் துடைச்சாச்சா?" "சித்தப்பாவை ரெண்டு இஞ்ச் ஏத்து." "ஆச்சி கோணலா இருக்காவ, இடது பக்கம் ஒரு தட்டு தட்டு." இருபது வருஷமாக இப்படித்தான் பேசினோம். யாருக்கும் ஒன்றும் ஆகலை.

2. இறக்கினது

போன வருஷம் பூக்கடை அண்ணாச்சி வீட்டில் வேலை. பூ மார்க்கெட்டில் நாற்பது வருஷம் கமிஷன் கடை வைத்திருந்தவர். எண்பது வயசை நெருங்கிட்டார். மகன் பாஸ்கர் வீட்டை மராமத்து பண்ணி, ஹாலுக்குப் புதுசாப் பெயின்ட் அடித்திருந்தார்.

ஹால் நடுச்சுவரில் அண்ணாச்சியின் படம். மூணடி உயரம், தேக்குச் சட்டம், கடை திறந்த வருஷம் எடுத்தது. அதை மாடிக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் மதுரையில் வாங்கின ஒரு மாடர்ன் ஆர்ட்டை மாட்டணும் என்று பாஸ்கர் என்னைக் கூப்பிட்டார். ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பெயின்டிங். சூரிய அஸ்தமனம் என்றார் பாஸ்கர்.

"கல்லுல ஒட்டுன தோசை" என்றார் அண்ணாச்சி. "இதுக்காக என்னை மாடிக்கு அனுப்புதியோலே? உசுரோட இருக்கும்போதே மேல அனுப்புதியோ?"

"படத்தைத்தானப்பா மாத்துதோம்."

"என் படம் எந்தச் செவுத்துல இருக்கோ, அந்தச் செவுத்துக்குக் கீழதான் எனக்குச் சோறு. அது முடிவாகட்டும். அதுவரைக்கும் எனக்கு இட்லி வேண்டாம்."

சொல்லிவிட்டுப் பின்கட்டு அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மருமகள் கோமதி இட்லித் தட்டோடு கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தது. பதிலே இல்லை. "நீங்க இறக்குங்க, நான் வந்து சமாதானம் பண்ணிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு பாஸ்கர் சுவர் ஓட்டையை அடைக்கப் பட்டி மாவு வாங்க ஸ்கூட்டரில் கிளம்பினார்.

இறக்கிப் பார்த்தால், பின்பலகை பூராவும் கரையான். கடைக்குக் கொண்டு போனால்தான் ஆகும். ஹாலுக்குள்ளே சிக்னல் கிடைக்கலை. வாசல் கேட்டுக்கு வந்து மாரியப்பனுக்குப் போன் போட்டேன். அடுக்களையில் கோமதி மாவு ஆட்டுகிற கிரைண்டர் சத்தம் வேறு, அதனால் கத்தித்தான் பேசணும். நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"மாரியப்பா, அண்ணாச்சியை இறக்கிட்டேன். ஹால்ல சாய்ச்சு வச்சிருக்கேன். பின்பக்கம் பூராம் போயிட்டுப்பா, இனி தாங்காது. ஆமா, மகன்கிட்ட சொல்லியாச்சு. மூணு மணிக்கு எடுத்துருவோம். ஆட்டோ பத்தாது, வேன் கொண்டு வா."

வாசல் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற முருகன், தேய்ப்பதை நிறுத்திட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எத்தன மணிக்கு எடுக்காவ அண்ணே?"

"மூணு மணிக்கு" என்றேன்.

அவன் கேட்டது எனக்கு வேலை விசாரணையாகப் பட்டது. இவனுக்கு நம்ம தொழிலில் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். மக்கா, நம்ம ஊரில் 'எத்தன மணிக்கு எடுக்காவ' என்பதை எந்த வீட்டு வாசலில் கேட்பாங்க என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அன்னைக்கு மட்டும் தெரியலை.

3. வந்தது

நான் ஏணியில் நின்று பழைய ஓட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பூ மார்க்கெட்டில் இருந்து நாலு பேர் வந்தார்கள். ஒன்றும் பேசாமல், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த படத்துக்கு ஆளுக்கொரு மாலையைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்கள். பழைய முதலாளிமேல் இவ்வளவு மரியாதையா என்று எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. அடுத்து ஆறு பேர். அடுத்துப் பந்தல்காரர் ஆள் நாற்காலிகளை வாசலில் விரித்துப் போட ஆரம்பித்தான்.

அப்புறம் ஒரு லோடு ஆட்டோ. அதில் இருந்து கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிற அண்ணாச்சியின் தம்பி இறங்கினார். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப வருஷம். கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே! என்னைய இப்பிடி விட்டுட்டுப் போயிட்டியே!"

கிரைண்டர் நின்றது. கோமதி ஓடி வந்து ஹாலைப் பார்த்தது. மாலை, கூட்டம், அழுகிற சின்ன மாமனார். பின்கட்டு அறைக் கதவையும் பார்த்தது, அது காலையில் சாத்தினது சாத்தினபடி இருந்தது. அவ்வளவுதான்.

"மாமா! கடைசியா இட்லி வேண்டாம்னு சொல்லிட்டுப் போனியளே மாமா!"

வீட்டுக்காரப் பொம்பளையே அழுகிறது. இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் அறைக்குள் போன மனுஷன், வெளியே வரவே இல்லை. நான் ஏணியில் இருந்து மெதுவாக இறங்கி, டிரில்லைக் கீழே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணும் கலங்கிட்டு. பொய் சொல்லலை.

அப்போது பின்கட்டுக் கதவு திறந்தது.

"மனுசன் பசியில படுத்திருக்கேன், என்னலே இங்கன சத்தம்?"

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நேராகப் படத்துக்கிட்ட வந்து மேல்மாலையைக் கையில் தூக்கி, ஒரு பூவைக் கிள்ளி, முகர்ந்து பார்த்தார்.

"சம்பங்கி நேத்து வந்தது. எந்தக் கடைப் பூ இது? எனக்கே நேத்துப் பூவையாலே போடுதிய?"

மார்க்கெட்காரர்களில் ஒருத்தர் பின்னாடி நகர்ந்தார்.

"நீ செத்துட்டன்னு சொன்னாவ அண்ணே" என்றார் தம்பி.

"யாருலே சொன்னா?"

தம்பி மார்க்கெட்காரரைக் காட்டினார். மார்க்கெட்காரர் இஸ்திரி முருகனைக் காட்டினார். முருகன் என்னைக் காட்டினான். எனக்குக் காட்ட ஆள் இல்லை.

"நான் படத்தைத்தான் சொன்னேன் அண்ணாச்சி" என்றேன்.

அதே நேரம் பாஸ்கர் ஓடி வந்தார். சட்டையெல்லாம் பட்டி மாவு. பிளக்ஸ் கடையில் இருந்து அவருக்குப் போன் வந்திருக்கிறது: "சார், மறைவுக்கு இன்னைக்குத் தேதிதான போடணும்? தோற்றம் மட்டும் சொல்லுங்க." அப்பா எழுந்து நிற்பதைப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடித்து என் பக்கம் திரும்பினார்.

"ஒம்ம வாயில ஆணி அடிக்கணும்வே!"

அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். ஊர் பூராவும் நம்ம கடைப் பேர் போச்சு, இனி எந்த வீட்டில் ஏறுவோம் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி என்னைக் கண்டுக்கவே இல்லை. மகனைப் பார்த்து, "இப்பச் சொல்லு. என்னை எங்கன மாட்டப் போற?"

"இங்கனதான்பா. பழைய எடத்துலயே. அந்தத் தோசையைத் திருப்பிக் கொடுத்துருதேன்."

அண்ணாச்சி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாம். மாலை விழுந்துட்டு. இனிமே இது செத்தவன் படம். செத்தவன் மாடிக்குப் போகட்டும். நான் ஹால்ல இருந்துக்கிடுதேன்."

நாற்காலியை இழுத்து அந்தச் சுவருக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, படம் தொங்கின ஆணியில் மாட்டினார். "ஆணியைப் பிடுங்கிராத" என்று என்னிடம் சொன்னார். "கோமதி, இட்லியைக் கொண்டா."

ஏழு இட்லி சாப்பிட்டார். தம்பிக்கும் ஒரு தட்டு வந்தது. நான் ஏணியை மடக்கும்போது கையைக் காட்டிக் கூப்பிட்டார். மெதுவாகக் கேட்டார்.

"வே, எந்தம்பி நெசமாவே அழுதானா?"

"துண்டு நனைஞ்சிட்டு அண்ணாச்சி."

"சத்தமாவா?"

"கேட்டுல இருந்தே."

"ம்" என்றார். கடைசி இட்லியைத் தம்பி தட்டில் வைத்தார்.

4. எடுத்தது

மூணு மணிக்கு வேன் வந்தது. மாலையைக் கழற்ற யாருக்கும் கை வரலை, அப்படியே ஏற்றினோம். முன்னாடி மாரியப்பன், பின்னாடி படத்தைப் பிடித்துக்கொண்டு நான். விஷயம் தெரியாத தெருக்கோடி ஆட்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒரு டீக்கடை ஷட்டரைப் பாதி இறக்கியது. சொன்ன நேரத்துக்கு எடுத்தோம், அந்த ஒன்றில் மட்டும் பிசகலை.

மக்கா, வேலை செய்கிற இடத்தில் நமக்குள்ளே ஒரு பேச்சு இருக்கும். அது நமக்கு மட்டும்தான் புரியும். கேட்டுக்கு வெளியே போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை கூடச் சேர்த்துப் பேசுங்க. ஆள் வேறு, படம் வேறு.

அன்று சாயங்காலம் மாரியப்பன் டீ குடிக்கப் போனபிறகு கடையில் நான் மட்டும் இருந்தேன். மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். யாரோ கண்ணாடியில், அண்ணாச்சியின் நெற்றிக்கு நேரே, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஈரத்துணியால் அதைச் சுத்தமாகத் துடைத்தேன். அப்புறம் படத்தை மேஜைக்குத் தூக்கணும். கேட்க ஒரு ஆள் கிடையாது. இருந்தாலும் வாய்விட்டுச் சொன்னேன்:

"அண்ணாச்சி, உங்க படத்தைத்தான் எடுக்குதேன்."