காதில் விழுந்ததை எழுதுகிறவள்

என் வீட்டுக்காரி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். காதில் எது விழுந்தாலும் அவள் விரல் எழுதிவிடும். வீட்டில் நான் கத்தும்போதுகூட எதிரே உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் தொடைமேல் கோடு இழுத்துக்கொண்டிருப்பாள். பிறகு சாவகாசமாக, "நீங்க சொன்னது இதுதான்" என்று ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பாள். இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு எவன் சண்டையில் ஜெயிக்க முடியும்?

அவளுக்குச் சொந்தக் கருத்தே கிடையாது என்று அலுவலகத்தில் சொல்வார்களாம். கிடக்கிறார்கள். வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போது பார்க்க வேண்டும், இரண்டு பக்கத்து வக்கீல்களையும் சேர்த்து நறுக்குவாள்.

அன்று வந்த வழக்கு, கருவைக் கலைக்க அனுமதி கேட்டு ஒரு பெண் போட்டது. சட்டம் சொன்ன கெடு தாண்டிவிட்டது. இன்னும் தள்ளிப்போனால் எந்த மருத்துவரும் கை வைக்க மாட்டார். உடம்பின் மேல் உள்ள உரிமை பிறப்போடு வந்தது, சட்டம் அதற்கு வெறும் காவல்காரன் என்றார் அவளுடைய வக்கீல். எதிர்வக்கீலும் லேசுப்பட்டவர் இல்லை. இயற்கைதான் உரிமை தருகிறதென்றால் வயிற்றில் இருப்பதற்கும் தந்திருக்குமே, நடுவில் கோடு போடச் சட்டத்தை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று மடக்கினார். காலையில் பிடித்த வாதம் சாப்பாட்டு வேளை தாண்டியும் ஓயவில்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள். "இவ்வளவு நேரமும் என்னைப் பத்தியா பேசுனீங்க? என்னை யாரும் ஒண்ணுமே கேக்கலையே?"

காவலர் அவளை உட்கார வைத்துவிட்டார். கூண்டில் ஏறாதவர் பேச்சு பதிவில் வரக்கூடாது. இந்த விதியெல்லாம் என் வீட்டுக்காரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கை எழுதிவிட்டது. வாதம் எங்கே நின்றது, வாசியுங்கள் என்றார் நீதிபதி. அவள் வாசித்தாள், அதையும் சேர்த்து.

எதிர்வக்கீல் துள்ளிக் குதித்தார். நீதிபதி அந்த வரிகளை அடிக்கச் சொன்னார். அடித்து முடித்ததும் அவர், "அந்தம்மாவைக் கூண்டுக்குக் கூப்பிடுங்க. அவங்க வாயாலயே கேப்போம்" என்றார்.

சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் அவள் சொன்னதும் நான் சீண்டினேன். "சரி, உரிமை எங்கேர்ந்துதான் வருது? இயற்கையா, சட்டமா?"

கத்தி நின்றது. "வாய் அவளுக்குப் பொறந்ததுலேர்ந்து இருக்கு. கூண்டுல ஏத்துனப்புறம்தான் நான் எழுதுனது பதிவுல நின்னுச்சு. நீங்களே சொல்லுங்க."



மறுநாள் அந்தப் பெண்ணுக்கு அனுமதி கிடைத்தது. என் வீட்டுக்காரிக்கு மெமோ கிடைத்தது. பதிவில் வரக்கூடாததை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வேலைக்கே உலை வைத்துவிடுமோ என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவளானால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள்மேல் எனக்கு அவ்வளவு பாசம் பொங்கியதில்லை.

"சிரிச்சது போதும். என்ன பதில் எழுதப் போறே?"

தொடைமேல் விரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு, எழுதினேன்னு."