கட்லாவை ரோகு என்று சொன்ன நாள்

போன வாரம் காளவாசல் சிக்னலில் நான் ஏறியிருந்த ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு செங்கல் லாரி. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே உயிரோடு அயிரை மீன், சளசளவென்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டேன். அந்தப் பாசி வாசனை என்னை நேராகக் கல்லூரி ஆய்வகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சிரிக்காதீர்கள், நான் மீன் படித்தவள்.

படிப்பின் முழுப் பெயர் வனவிலங்கு மற்றும் மீன்வள அறிவியல். விண்ணப்பித்தபோது என் கண்ணில் பட்டது முதல் சொல் மட்டும்தான். இணையதளத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரு புலிப் படம் போட்டிருந்தார்கள். கழுத்தில் பைனாகுலர் தொங்க நான் காட்டுக்குள் நடப்பதாக நினைத்துக்கொண்டு சேர்ந்தேன். அங்கே நான் பார்த்த வனவிலங்கு, அலமாரியில் பஞ்சடைத்து வைத்திருந்த ஒரு கீரிப்பிள்ளை. அதற்கும் ஒரு கண் இல்லை. காட்டு முகாம் ஒன்று இருந்தது. வெளியூரில் தங்க வேண்டும் என்றதும் அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். போன பையன்கள் யானைச் சாணத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அதைக்கூட விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றபடி எல்லாம் மீன்தான். செதில் வரிசை எண்ணுவது, செவுள் மூடியைத் திறந்து பார்ப்பது, மீசை இருக்கிறதா என்று வாயோரம் தேடுவது.

ஆய்வகத்தில் பாசி வாசனைக்கு மேலே ஃபார்மலின் நெடி நிற்கும். கண் எரியும். கையில் ஏறினால் சோப்புக்கு அடங்காது. அதற்கு மருந்து கண்டுபிடித்தவள் என் வகுப்புத் தோழி காயத்ரி. பெரிய கோயில் பக்கத்துத் தெருவில் வீடு, அப்பா கோயிலில் பூஜை செய்கிறவர். மகள் விலங்கியல் படிக்கிறாள் என்றுதான் வீட்டில் தெரியும். விலங்கியல் என்றால் மான், மயில் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காயத்ரி பையில் எப்போதும் அறுத்த எலுமிச்சம்பழம் இருக்கும். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் குழாயடியில் நின்று நகக்கண்வரை தேய்ப்போம். "உனக்கென்னடி, உங்க வீட்ல மீன் கொழம்பு வைப்பாங்க. எங்க வீட்ல இந்தக் கையோட நான் வெளக்கு ஏத்தணும்" என்பாள்.

எனக்கு வேறு வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது, யூரியா வாசனை. எங்கள் ஊர் எழுமலை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் தாய்மாமனின் உரக்கடை. காலையில் நான் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். கொஞ்சம் தாமதமானால் மாமா ரோட்டுக்கே வந்து கையை நீட்டிவிடுவார். "அண்ணே, எம் மருமக வாரா, செத்த நிப்பாட்டுங்க!" பஸ் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கண்டக்டர் உசிலம்பட்டி வருவதற்குள் எனக்கு இடம் பிடித்துத் தந்துவிடுவார். உரக்கடை மருமகள் நின்றுகொண்டு போகலாமா?

என்னைக் கல்லூரிக்கு அனுப்பவே அப்பாவுக்கு மனமில்லை. மாமாதான் பேசி அனுப்ப வைத்தார். "படிக்கட்டும் மச்சான். படிச்ச மருமக எங்களுக்குப் பெருமைதான? முடிச்ச கையோட கல்யாணத்த வச்சுக்கிருவோம்" என்றார். அவர் மகன் சரவணனுக்கும் எனக்கும். பிறந்ததிலிருந்து பேசி வைத்தது. யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது எல்லோருக்கும் இயல்பாக இருந்தது.

சரவணன் மச்சானைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. அதுதான் என் கஷ்டம். ஒருநாள் கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, வெட்கத்தோடு வந்து, "மீனுக்குக் காது இருக்கா?" என்று கேட்டார். வெளியே தெரியாது, உள்ளே இருக்கிறது என்றேன். "அப்ப நாம பேசுறது கேக்குமா?" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. எங்கள் நீண்ட உரையாடல் அவ்வளவுதான். நல்ல மனிதர். ஆனால் அவரோடு அந்தக் கடைக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். இரும்புக் கம்பி போட்டு யாரும் என்னை அடைக்கவில்லை. எல்லோரும் அன்பாகக் கையைக் கோத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். எந்தக் கையைத் தட்டிவிடுவது?

இறுதியாண்டில் மற்றவர்கள் அரியர் விழக்கூடாது என்று சாமி கும்பிட்டார்கள். நான் விழ வேண்டும் என்று கும்பிட்டேன். படிப்பு முடிந்தால்தானே கல்யாணம்? முடியாமலே இருந்தால்? எழுத்துத் தேர்வில் தோற்றால் சீக்கிரமே திரும்ப எழுத வைத்துவிடுவார்கள். செய்முறைத் தேர்வு அப்படியில்லை, அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். அதனால் மீன் வகைப்பாட்டியல் செய்முறைத் தேர்வைத் தேர்ந்தெடுத்தேன். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒவ்வொரு மீனாகக் காட்டுவார், நாம் பெயர் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் திட்டம் அது.

குழாயடியில் காயத்ரியிடம் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைக் கீழே எறிந்துவிட்டாள்.

"லூசாடி நீ? தெனமும் வீட்ல பொய் சொல்லிட்டு இதைப் படிக்கிறேன் நான். நீ வேணும்னே ஃபெயிலாகப் போறியா?"

"ஒரு வருசம் கெடைக்கும்ல?"

"கெடைச்சு? அடுத்த வருசமும் ஃபெயிலாவியா? கெழவி ஆகுற வரைக்கும் ஃபெயிலாவியா? வேணாம்னா வாயத் தொறந்து வேணாம்னு சொல்லு."

"எங்க மாமாகிட்ட எப்படிடி சொல்றது? எனக்காக பஸ்ஸ நிறுத்துற மனுசன்."

அவள் குனிந்து பழத்தை எடுத்துக் கழுவி, என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் கண்ணாடி போட்ட சாந்தமான மனிதர். தட்டிலிருந்த பெரிய மீன் ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என்றார். கட்லா. தலையைப் பார்த்தாலே தெரியும், எங்கள் ஊர்க் குழந்தைகூடச் சொல்லும்.

"ரோகு சார்" என்றேன்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

அங்கேதான் தொலைந்தேன். "தலை பெருசு சார். வாய் மேல பாத்து இருக்கு. மீசை கிடையாது. மேல்மட்டத்துல மேயும்" என்று நாக்கு தானாகவே ஒப்பித்துவிட்டது. அவர் சிரித்தார். "அம்புட்டும் கட்லாவோட அடையாளம்மா. பதட்டத்துல பேரை மாத்திட்டீங்க, பரவாயில்ல" என்றார். அடுத்து மிர்கால். அதையும் பெயர் மாற்றிச் சொன்னேன், அடையாளத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. பொய்யான அடையாளம் சொல்ல வாயைத் திறந்தால், தட்டிலிருக்கும் மீன் என்னைப் பார்ப்பது போலிருந்தது. எனக்கே தெரியாமல் அந்தப் படிப்பை விரும்பத் தொடங்கியிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து வரும்போது தேர்வாளர், "மேல படிங்கம்மா. உங்களுக்கு மீன் தெரியுது" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பாஸாகிவிட்டதற்காக அழுதவள் அந்தத் துறையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரிசல்ட் வந்த அன்று மாலை மாமா அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். "மருமகளே, ஜெயிச்சுட்ட! மச்சான், தையில வச்சுக்கிருவோமா?" என்றார். அப்பா தலையாட்டினார். காபி எடுத்துக்கொண்டு போன நான் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அவர் சிரித்தார். "மேல படிக்கணுமா? படி. கல்யாணம் முடிச்சுட்டுப் படி. யாரு வேணாம்னா?"

"அதுக்காக இல்ல மாமா. மச்சான் மேல ஒரு குறையும் இல்ல. எனக்கு வேணாம்."

"எம்புட்டு நாளைக்கு வேணாம்?"

"எப்பவும் வேணாம் மாமா."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். மாமாதான் குறுக்கே வந்து தடுத்தார். "பிள்ளையத் தொடாதீங்க மச்சான்" என்றார். காபியைக் கடைசிவரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் "வாரேன்க்கா" என்று சொல்கிறவர், அன்று என் அம்மாவைப் பார்த்து, "போறேன்க்கா" என்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. சரவணன் மச்சானின் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

அப்பா நெடுநாள் என்னோடு பேசவில்லை. நான் மேலே படித்தேன். இப்போது பண்ணைக்குட்டைகளில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. காயத்ரி கடலோர ஊர் ஒன்றில் இறால் பண்ணை ஆய்வகத்தில் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு "பொண்ணு தண்ணியப் பத்தி ஆராய்ச்சி பண்றா" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினாராம். எங்கள் துறையை வேறொரு துறையோடு சேர்த்துவிட்டார்கள். ஆய்வகம் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நாங்கள் மீன் சேகரிக்கப் போன கண்மாயின் பாதியில் வீடுகள்.

அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு ஊரிலிருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் அவனியாபுரத்தில் என்னோடு வந்து இருக்கிறார்கள். இங்கே எங்கள் பழைய கதை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கரும்பும் மஞ்சளும் புதுப்பானையும் வரும். மாமா இருக்கும்வரை அம்மாவுக்கும் வந்தது. இருக்கும்வரை என்கிறேன், அவர் நன்றாகத்தான் இருக்கிறார். எங்களுக்குத்தான் இல்லை. இந்தப் பொங்கலுக்கு, தெருவெல்லாம் ஜல்லிக்கட்டுக் கூட்டமாக இருந்த நேரத்தில், அம்மா தானே கடைக்குப் போய் ஒரு கட்டுக் கரும்பு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "என்னம்மா, இம்புட்டுக் கரும்பு?" என்று கேட்டாள்.

"எந் தம்பி குடுத்துவிட்டான்" என்றாள் அம்மா.

நான் கரும்பை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.