பாதியை எடுங்க

கொட்டகைக்காரம்மா பையின் அடியைப் பிடித்துத் தலைகீழாக்கி இரண்டு உலுக்கு உலுக்கினார். ஒரு தம்பதியின் நான்கு நாள் பயணம் சிமெண்டுத் தரையில் கொட்டியது. முடி உலர்த்தும் கருவி ஒன்று உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. அதன் வயரைப் பிடித்துத் தூக்கி, "இதை எந்த மரத்துல சொருகப் போறீங்க?" என்று கேட்டார். கிண்டலாகத் தெரியவில்லை, விவரம் கேட்பது போலத்தான் இருந்தது. பைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"சரி, பாதியை எடுங்க."

அந்தக் கொட்டகையில் இந்த வாக்கியம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கும். அதனால் அவருக்குப் பாதியக்கா என்றே பெயராகிவிட்டது. வாசல் பலகையில் 'கேனோ வாடகைக்கு' என்று எழுதியிருக்கிறது. அவர் வாயில் அது வெறும் படகுதான். ஆற்றிலும் ஏரியிலும் நாலைந்து நாள் துடுப்புப் போட்டு, காட்டில் கூடாரம் அடித்துத் தங்கி, அருவியோ பாறையோ குறுக்கிட்டால் படகைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து நடக்கத் துணிந்தவர்கள்தான் அங்கே வருகிறார்கள். துணிந்தவர்களின் பைதான் அதிகம் கனக்கும் என்பது பாதியக்காவின் அனுபவம். "எதுல பாதி?" என்று கேட்டால் "எல்லாத்துலயும்" என்பார். எடுத்தபிறகு மிச்சத்தைத் தூக்கிப் பார்த்து, "இதுலயும்" என்பார். உயிர்காப்புச் சட்டையிலும் உதிரித் துடுப்பிலும் மட்டும் கை வைப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு முன்பு, வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு வருஷம் சாமான் கட்டினார். ஊரார் வீட்டுப் பரண் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு வீட்டை மூன்று வருஷம் கழித்து மறுபடி கட்டப் போனபோது, படுக்கையறை மூலையில் ஒரு பெட்டி இருந்ததாம். "நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? அப்படியே இருக்கு. மூணு வருஷமா உள்ள என்னன்னு யாரும் பாக்கல. லாரியில ஏத்துறப்ப மட்டும் பின்னாலயே வந்து 'மெதுவா, மெதுவா'ங்கறாங்க." அன்று சாயங்காலமே வேலையை விட்டுவிட்டதாகச் சொல்வார். அவர் கணவர் அதைத் திருத்துவார். விட்டது இரண்டு மாதம் கழித்துத்தான். சம்பள பாக்கி இருந்தது.

கணவர் கொட்டகையின் பின்பக்கம் படகுகளின் ஓட்டையை அடைக்கிறார். விரலிடுக்கில் எப்போதும் பிசின் காய்ந்திருப்பதால் அவருக்குப் பிசின் என்று பெயர். குச்சி போன்ற உடம்பு. "கட்டிக்கிட்டப்ப நான் நல்லா தாட்டியா இருந்தவன். பாதியை எடுத்துட்டா" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

"எடுக்காத பாதிதான் வேலை செய்யுது" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

படகைத் தள்ளிவிடும்போது பாதியக்கா சொல்வதை யாரும் குறித்துக்கொள்வதில்லை. திரும்பி வந்து, அக்கா அன்னிக்கே சொன்னீங்க என்பார்கள். "கனமானது நடுவுல, அடியில. மழைச்சட்டை எல்லாத்துக்கும் மேல. மழை வந்தப்புறம் பையைத் தோண்டுறவன் ரெண்டு தடவை நனைவான்." "எதிர்க்காத்து அடிச்சா ஒரு பையை முன்னால தள்ளுங்க. மூக்கைத் தூக்கிட்டு நின்னா காத்து பிடிச்சுத் திருப்பிடும், படகையும்." "கவிழ்ந்தா படகைப் பிடிங்க. பை போனா போகட்டும், அது மிதக்கும். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாது." கணவன் மனைவியாக வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. "பின்னால உக்கார்றவங்கதான் திருப்பணும். முன்னால இருக்கறவங்க திரும்பிப் பாத்துத் திட்டக் கூடாது. திட்டுறதை எல்லாம் கரையில வெச்சுக்கங்க."

படகைச் சுமந்து நடக்கும் சுமைப்பாதையை அவர் ஒரே தடவைதான் நடப்பார். தலையில் படகு, முதுகில் பை, அவ்வளவுதான். "ரெண்டு நடையா தூக்கினா மூணு தடவை நடக்கணும். இது கணக்குப் பாடம், காட்டுப் பாடம் இல்ல." பதினாறு வருஷத்தில் அவர் சுமைப்பாதையில் திரும்பி நடந்ததைத் தான் பார்த்ததில்லை என்று பிசின் சொல்கிறார். கோபித்துக்கொண்டு போனால்கூட முன்னால்தான் போவாராம்.

இப்படி இருக்கும்போதுதான் ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து முப்பத்தொரு பொருள்களின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு படகிலும் அத்தனையும் இருக்க வேண்டும், கொட்டகை நடத்துகிறவர் அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசிக்குள் கையெழுத்து வராவிட்டால் உரிமம் தானாகவே காலாவதியாகும். கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைதான் அவர்கள் வீடு. உரிமம் போனால் அதுவும் போகும்.

"போட்டுடேன். பேனா மைதானே" என்றார் பிசின்.

"அந்த மூட்டையைத் தூக்கிட்டு ஒருத்தன் பாறையில வழுக்கினா, அவன் என் கையெழுத்து மேலதான் விழுவான்."

பட்டியலைக் கொண்டுவந்த ஆய்வாளர் நிதானமான மனிதர். சட்டைப்பையில் இரண்டு பேனா. அவரிடம் பாதியக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க ஒரு நாள் வாங்க சார். உங்க பட்டியலை நீங்களே தூக்கிட்டு வாங்க. வந்து சேர்ந்த இடத்துல கையெழுத்து போடுறேன்." ஆய்வாளர் யோசித்தார். கேட்டது நியாயமாகப்பட்டதால் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக்கொண்டார்.

அன்று காலை ஆறு மணிக்குப் படகைத் தள்ளினார்கள். ஆற்றோடு இறங்கி, அருவியைச் சுற்றித் தொள்ளாயிரம் மீட்டர் சுமந்து, காற்று எழுவதற்குள் பெரிய ஏரியைக் கடந்து, சின்னதாக இன்னொரு சுமைப்பாதை ஏறினால் சாலை. இரண்டு மணிக்குப் பிசின் வண்டியோடு அங்கே நிற்பதாக ஏற்பாடு. ஒருவேளைச் சாப்பாடு போதும் என்று பாதியக்கா ஒருவேளைக்குத்தான் கட்டியிருந்தார்.

அருவிப் பாதையைப் பாதியக்கா படகோடு இருபது நிமிஷத்தில் கடந்தார். ஆய்வாளருக்குப் பட்டியல் இரண்டு மூட்டை, சொந்தப் பை ஒன்று. மூன்று நடை தூக்க ஐந்து தடவை நடந்தார். முதல் நடையில், "பரவாயில்லையே" என்றார். இரண்டாவதில் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தார். மூன்றாவதில் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. சட்டைப்பையில் ஒரு பேனா குறைந்திருந்தது.

ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு இல்ல" என்றார் பாதியக்கா.

"படகு நல்லாத்தானே இருக்கு?"

"படகு நல்லாத்தான் இருக்கும் சார்."

வந்த ஆற்றில் எதிர்த்து ஏற முடியாது. காற்று விடியும்வரை அடங்காது. பாதியக்கா தன் ஒருவேளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கு உள்ளங்கையில் அடங்கியது. ஆய்வாளர் ஒரு மூட்டையை அவிழ்த்து, பட்டியலில் ஏழாவது பொருளை எடுத்தார். இரண்டு நாளைக்குச் சூப் பொட்டலம், ரொட்டி, உலர்பழம். பாதியக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போனார்.

"தாமதம் என்னால" என்றார் ஆய்வாளர், சூப்பை ஊதியபடி. "சாப்பாடும் என்னாலதான். ரெண்டையும் அறிக்கையில எழுதிடுவேன்."

சாப்பிட்டதும் பாதியக்கா தன் வழக்கப்படி இரண்டு மூட்டையையும் பாறைமேல் கவிழ்த்தார். ஆறு கிலோ நங்கூரம் விழுந்த சத்தத்தில் ஒரு பறவை பறந்தது. அடுத்ததாகச் சிவப்பாக ஒன்று உருண்டது. தீயணைப்பான்.

"சார், நடு ஏரியில படகு தீப்பிடிச்சா, அணைக்கத் தண்ணிக்கு எங்க போறதுன்னு இதை வெச்சீங்களா?"

ஆய்வாளர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மோட்டார் படகுக்கான பட்டியல் ஒண்ணு ஏற்கெனவே இருந்துச்சு. அதுலேர்ந்து எடுத்து எழுதினது."

"யார் எழுதினது?"

"நான்தான்."

பாதியக்கா அதை வாங்கி நங்கூரத்தின் பக்கத்தில் வைத்தார். ஆய்வாளரே தொடர்ந்தார். போன வருஷம் வேறொரு கொட்டகையிலிருந்து போன இரண்டு பெண்கள் இந்த ஏரியில் வழி தவறி இரண்டு ராத்திரி கிடந்தார்கள். வாக்குமூலம் எழுதப் போனவர் அவர்தான். "காடு அவங்களுக்குப் பயமா இல்லையாம். சாப்பாடு தீர்ந்து, மறுநாள் கை நடுங்கித் துடுப்பைப் பிடிக்க முடியலைங்கறதுதான் பயமா இருந்துச்சாம். கரை கண்ணுக்குத் தெரியுது, போக முடியல. வீட்டுக்கு வந்து நாலு நாள் உக்காந்து எழுதினேன். எது தோணுச்சோ எல்லாத்தையும் எழுதினேன்."

"அவங்களுக்குப் பை கட்டினது யாரு?"

"தெரியல. கணக்கா கட்டியிருந்தாங்க."

பாதியக்கா தன் காலிப் பாத்திரத்தை ஏரி மணலில் வெகுநேரம் தேய்த்தார். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு பேரம் தொடங்கியது. ஆய்வாளருக்குப் பட்டியலைக் குறைக்க அதிகாரம் உண்டு, நீக்க இல்லை. நங்கூரமும் தீயணைப்பானும் பேச்சில்லாமல் போயின. மடக்கு நாற்காலிக்காக ஆய்வாளர் பத்து நிமிஷம் வாதாடினார், அதில் உட்கார்ந்துகொண்டே. இரண்டாவது கயிற்றைப் பாதியக்கா வேண்டாம் என்றார். ஆய்வாளர் வேண்டும் என்றார். கயிறு தங்கியது. கோடாலி போனது, ரம்பம் நின்றது. பாதியக்கா கேட்டது பதினைந்து, ஆய்வாளர் சொன்னது இருபத்திரண்டு. வெயில் சாயும்போது பத்தொன்பதில் நின்றார்கள்.

"ஏழாவது?" என்று கேட்டார் ஆய்வாளர், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி. அதைப் பற்றி இருவரும் அதுவரை பேசவில்லை.

"இருக்கட்டும் சார்."

"பாதியா?"

"முழுசா." காகிதத்தைத் தொடையில் வைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உரிமத்தைப் புதுப்பிக்கும் தாளில் ஆய்வாளர் போட்ட கையெழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. மூட்டை தூக்கிய கை.

விடிந்தபோது ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். நேற்று மதியத்திலிருந்து வண்டியில் காத்திருந்த பிசின், சாலையோரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். காற்றடித்தால் காலையில்தான் என்பது அவருக்குத் தெரியும்.

சரிவில் முதலில் படகு வந்தது. அதன் அடியில் பாதியக்காவின் கால்கள். படகை இறக்கி வைத்தார், பையைக் கழற்றினார். பிசின் வாயைக் கொப்பளித்துவிட்டு, "போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு."

"அவரு?"

"கீழ. இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு."

படகை வண்டிமேல் ஏற்றப் பிசின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையில் யாரும் இல்லை. தலைச்சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாதியக்கா வெறுங்கையோடு வந்த வழியே இறங்கிக்கொண்டிருந்தார்.